மூளைக்காய்ச்சல்: சுளுக்கு என்று இருந்துவிடாதீர்கள்!

நண்பர்களே, எனக்கு ஊர் ஆதிச்சநல்லூர். முதுமக்கள் தாழி கிடைத்த ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அத்தை மகனுக்குக் கடும் காய்ச்சல், தலைவலி, வாந்தி. குனியச் சொன்னால் கழுத்து வளையவில்லை. "வெறும் சுளுக்குதான், தடவுனா சரியாயிரும்" என்றாள் ஆச்சி. ஒரு நாள் அதில் போனது. பிறகு ஆஸ்பத்திரியில், முதுகில் நீர் எடுக்கச் சம்மதம் கேட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். "படிக்கிற பிள்ளைல்லா, வாசிச்சுச் சொல்லு" என்று அத்தை என்னிடம் நீட்டினாள். வாசித்தேன், அர்த்தம் சொல்லத் தெரியவில்லை. "முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காமப் போயிரும்" என்று யாரோ சொல்ல, மாமா மறுநாள்தான் கையெழுத்துப் போட்டார்.

அன்று தெரியாததை இன்று சொல்கிறேன்.

மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் உறை வீங்குவதுதான் மெனிஞ்சைட்டிஸ். 1955-ல் வேலூர்ப் பக்கம் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு. அது கொசுவால் வந்து மூளையையே தாக்குவது. மெனிஞ்சைட்டிஸுக்கு வைரஸ், பாக்டீரியா, காசநோய்க் கிருமி, பூஞ்சை என்று பல காரணம். பாக்டீரியாவால் வந்தால் ஒரே நாளில்கூட உயிர் போகலாம். சில கிருமிகள் இருமல், தும்மலில் பரவும், ஹாஸ்டல்வாசிகள் கவனிக்க!

காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்த்தால் கண் கூச்சம், குழப்பமான பேச்சு, வலிப்பு ஆகியவை அடையாளங்கள். எல்லாம் சேர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். பால் குடிக்காது, உச்சிக்குழி புடைக்கும்.

முதுகில் ஊசி எதற்கு? எஞ்சின் கோளாறுக்கு ஆயிலை எடுத்துப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோலத்தான். அந்த நீரில்தான் எந்தக் கிருமி என்று தெரியும். அதைப் பொறுத்தே எந்த மருந்து, எத்தனை நாள் என்று முடிவாகும். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி குத்துவார்கள். அதனால் கால் விழுந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

தடுப்பூசியும் உண்டு. காரணக் கிருமிகளில் ஒன்றான ஹிப்பைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அரசுத் திட்டத்தில் வந்தது.

அத்தை மகன் பிழைத்துவிட்டான். ஆனால் இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அந்தக் காது போய்விட்டது. இந்த நோய் விட்டுப்போகும் பெரிய மிச்சம் அது. குணமானதும் காதைப் பரிசோதிக்க மறக்காதீர்கள்.

நம் வீடுகளில் தாளை நம்மிடம்தான் நீட்டுவார்கள், நண்பர்களே. வாசித்தால் மட்டும் போதாது, அர்த்தமும் சொல்ல வேண்டும்.