முதல்வர் மேடையில் வாசிக்காத அறிக்கை

அமெரிக்காவில் பல கல்லூரித் தலைவர்கள் செமஸ்டருக்கு ஒருமுறை மாணவர், ஆசிரியர் எல்லோருக்கும் கடிதம் எழுதுவார்கள். சேர்க்கை, வரவு செலவு, புதுக் கட்டடம் எல்லாம் அதில் வரும். நம்ம சேலம், நாமக்கல் பக்கம் முதல்வரின் ஆண்டறிக்கை என்றால் ஆண்டு விழா மேடையில் வாசிப்பதுதான். கைதட்டலோடு முடிந்துவிடும்.

ஆனால் இன்னொரு அறிக்கை இருக்கு. 1994-ல் தொடங்கிய நாக் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரி, ஆண்டுதோறும் ஏ.க்யூ.ஏ.ஆர். என்ற தர அறிக்கையை அனுப்பணும். தன் இணையதளத்திலும் போடணும். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலைக் கல்லூரியானாலும், நெடுஞ்சாலையோரப் பொறியியல் கல்லூரியானாலும் இதே விதிதான்.

மொத்தம் 7 பகுதிகள். பெற்றோருக்கு இரண்டு போதும். 2-வது பகுதியில் ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, தேர்ச்சி எவ்வளவு என்று இருக்கும். 5-வதில் வேலைக்கும் மேற்படிப்புக்கும் போனவர் எண்ணிக்கை. பஸ் ஸ்டாண்ட் பேனரில் '100% வேலைவாய்ப்பு' என்று பார்த்தால், அந்த எண்ணை இங்கே வந்து சரிபாருங்க.

இதுவும் கல்லூரியே எழுதுவதுதான். அதனால் ஒரு வருஷத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருஷ அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிங்க. ஆசிரியர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால், அட்மிஷன் கவுண்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அரசுக் கல்லூரி என்றால், இணையதளத்தில் இல்லாததை 2005 தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம்.