மின்சாரக் கார் மலைவழியில் நிற்பதேன்?

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் பயணம் புறப்படும் சாரதி ஒருவர் தம் மின்சாரக் காரின் முகப்புப் பலகையை நோக்குகின்றார். இன்னும் 95 கிலோமீற்றர் ஓடலாம் என்று அது காட்டுகின்றது. செல்லவேண்டிய தூரமோ ஏறத்தாழ 77 கிலோமீற்றர். போதியது உண்டு, மிச்சமும் உண்டு என்று எண்ணி அவர் புறப்படுகின்றார். றம்பொடையைத் தாண்டி, மூடுபனி சூழ்ந்த வளைவொன்றில், குழந்தைகளும் முதியோரும் உள்ளே அமர்ந்திருக்க, வண்டி நின்றுவிடுகின்றது. பலகை பொய் கூறியதா? இல்லை, முன்னால் மலை இருப்பதை அது அறியாது.

அந்த எண் அளந்து கண்டதன்று, ஊகித்துச் சொல்வது. பற்றரியில் எஞ்சியுள்ள மின்சத்தையும், சற்று முன்னர் வண்டி ஓடிய விதத்தையும் கொண்டே அது கணக்கிடப்படுகின்றது. நேற்றுவரை சமதரையில் ஓடிய வண்டி, இன்று மலையடிவாரத்தில் நின்றும் சமதரைக் கணக்கையே ஒப்புவிக்கும்.

2010ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த நிஸான் லீஃப் என்னும் காரை எடுத்துக்கொள்வோம். இலங்கை வீதிகளிலும் அது பழக்கமானதே. அதன் முதல் வகையின் பற்றரி 24 அலகு மின்சாரம் கொள்வது. வீட்டு மின்பட்டியலில் வரும் அதே அலகுதான் இது. மூன்று லீற்றருக்கும் குறைந்த பெற்றோலில் அடங்கிய வெப்பசத்து இதற்கு ஈடாகும். மின்மோட்டார் சத்தை வீணாக்குவது மிகக் குறைவு. ஆதலாலேயே இத்துணைச் சிறு கையிருப்பைக் கொண்டு புதிய வண்டி நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிற்று. ஆனால் பற்றரி மூப்படையும். வெப்பநாடுகளில் விரைந்து மூப்படையும். நம் சாரதியின் பழைய வண்டியில் பயன்படக்கூடியது 15 அலகே என்று வைத்துக்கொள்வோம்.

கண்டி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. ஆட்களுடன் 1,700 கிலோகிராம் நிறையுள்ள வண்டியை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் ஆறு அலகுக்கு மேல் வேண்டும். இடையில் வீணாவதையும் சேர்த்தால் ஏழு. எஞ்சுவது எட்டு அலகு. 77 கிலோமீற்றரை உருண்டு கடப்பதற்கோ பத்து அலகேனும் தேவை. போதாக்குறைக்கு, குளிரைப் போக்க வெப்பமூட்டியை இயக்கினால் அதுவும் இதே பற்றரியிலிருந்துதான் உண்ணும். பெற்றோல் வண்டியிலே எஞ்சினின் வீண்வெப்பம் அதற்கு இலவசமாய்க் கிடைக்கும்.

வண்டி திடீரென்று நிற்பதில்லை. முதலில் எச்சரிக்கை விளக்கு எரியும். அடுத்து, தூரத்தைக் காட்டிய எண் மறைந்து வெறுங் கோடுகள் தோன்றும். இறுதியாக ஆமை உருவம் ஒன்று ஒளிரும். வேகம் தானே குன்றும். வடிவமைத்தவர்களின் நகைச்சுவையை இரசிக்கும் மனநிலை அவ்வேளையில் எவருக்கும் இராது.

முதல் விளக்கு எரிந்ததும் செய்யவேண்டியது யாது? நெடுஞ்சாலையாயின் வேகத்தைக் குறைக்கலாம். மணிக்கு 100 கிலோமீற்றரிலிருந்து 70க்கு இறங்கினால் காற்றின் தடை ஏறத்தாழப் பாதியாகும். மலையேற்றத்தில் இவ்வுபாயம் அதிகம் பலிக்காது. மெல்ல ஏறினும் விரைந்து ஏறினும் தூக்கவேண்டிய பாரம் ஒன்றே. அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்குவதே தக்கது. இறக்கத்தில் மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி, ஏறும்போது செலவானதில் ஒரு பகுதியைப் பற்றரிக்கு மீட்டுத் தரும். பலர் இதற்கு மனம் ஒப்புவதில்லை. வந்த வழியே திரும்புவதைத் தோல்வியாகக் கருதி, ஆமை தோன்றும்வரை ஏறுகின்றனர்.

வழியில் தேநீர்க்கடைக்காரர் ஒருவர் இரக்கங்கொண்டு தம் கடையின் மின்செருகியைத் தந்தாலும், ஒரு மணிநேரத்தில் ஏறுவது இரண்டு அலகளவே. சமதரையில் அது 12 கிலோமீற்றருக்குப் போதும். செங்குத்தான ஏற்றத்தில் அதில் பாதிக்கே போதும். கடையின் மின்கம்பிகள் பழையவையாயின், அவை சூடேறுகின்றனவா என்பதையும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

முற்றாக நின்றுவிட்ட வண்டியைக் கயிறு கட்டி இழுக்கலாகாது. லீஃப் காரின் முன்சக்கரங்கள் எப்போதும் மோட்டாருடன் இணைந்தே சுழல்வன. அவை தரையில் உருள இழுத்தால் மோட்டார் பழுதடையக்கூடும். முன்சக்கரங்களைத் தூக்கியோ, வண்டி முழுவதையும் தட்டையான லொறியில் ஏற்றியோதான் கொண்டுசெல்ல வேண்டும். அத்தகைய லொறி ஒன்று கம்பளையிலிருந்து ஏறிவரும்வரை, அபாய விளக்குகளை எரியவிட்டு, பயணிகளை வீதியோரத்தில் பாதுகாப்பான இடத்தில் இருத்துவதே சாரதியின் வேலை.