சுடுகாட்டு மல்லி

நுழையும்முன்

அளவும் இலக்கும் அறிந்தவர் கையில் நஞ்சும் மருந்தாகும். வீட்டு வாசலில் பூக்கும் எளிய செடியொன்று புற்றுநோய் மருத்துவத்தில் பெற்ற இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னை அசோக் நகர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளிலும், மதிலோரத்தில் அதிகப் பேணலின்றி வளர்ந்து ஆண்டு முழுவதும் பூப்பது நித்தியகல்யாணி. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடிக்குச் சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் உண்டு. இறப்போடு இணைத்துப் பேசப்பட்ட அச்செடியே இன்று குழந்தைகளின் உயிரைக் காக்கிறது.

தேடியதும் கிடைத்ததும்

ஜமைக்கா மக்கள் நீரிழிவுக்கு இதன் இலைச்சாற்றைப் பருகினர். 1952இல் அவ்விலைகள் கனடாவுக்கு வந்தன. மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் இராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் அவற்றை எலிகளிடம் சோதித்தனர். எதிர்பார்த்தபடி சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன. வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்! இக்குறிப்பைப் பற்றிச் சென்றதன் பயனாக வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதன் உறவுப்பொருளான வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது.

வடம் இல்லாத் தேர்

செல் பிரியும்போது இரட்டித்த குரோமோசோம்கள் இருமுனைகளுக்கும் சமமாகச் சென்று சேரவேண்டும். தேரை வடம் இழுப்பதுபோல அவற்றை இழுப்பவை கதிர்கோல் இழைகள். டியூபுலின் என்னும் புரத மூலக்கூறுகள் செங்கற்கள்போல் அடுக்கப்பட்டே இவ்விழைகள் உருவாகின்றன. வின்கிரிஸ்டின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு அவ்வடுக்கைத் தடுக்கிறது. வடமில்லாத் தேராக, குரோமோசோம்கள் நடுவிலேயே நின்றுவிடுகின்றன. பிரிய இயலாத செல் இறுதியில் மடிகிறது.

எனினும், இம்மருந்து நோய்ச்செல்லையும் நலச்செல்லையும் பிரித்தறிவதில்லை. விரைந்து பிரியும் மயிர்க்கால் செல்களும் தாக்கப்படுவதால் முடி உதிர்கிறது. நரம்பிழைகளின் உள்ளும் டியூபுலின் குழல்கள் இருப்பதால் கைகால்கள் மரத்துப்போகின்றன. எனவே மருத்துவர் அளவையும் இடைவெளியையும் கணக்கிட்டு, சிரை வழியாக மட்டுமே இதனைச் செலுத்துகின்றனர்.

அடையாற்றில் மலர்ந்த நம்பிக்கை

மருத்துவர் முத்துலெட்சுமி 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதில் இணைந்த மருத்துவர் சாந்தா தம் வாழ்நாளையே அதற்கு ஈந்தார். சென்னை, மும்பை, தில்லி மையங்கள் எம்.சி.பி. 841 என்னும் பொதுச் சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. வின்கிரிஸ்டினும் அதில் இடம்பெற்ற மருந்துகளுள் ஒன்று. நிணநீர்ச்செல் இரத்தப் புற்றுநோயுற்ற இளையோரில், நோய் திரும்பாது வாழ்ந்தோர் முன்பு நூற்றுக்கு 20 பேருக்கும் குறைவு. இம்முறையாலும் மேம்பட்ட பராமரிப்பாலும், நான்காண்டுகள் கடந்து அவ்வாறு வாழ்ந்தோர் 45 முதல் 60 பேராக உயர்ந்தனர்.

தெரியுமா?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் முதலாவதும் தமிழ்நாட்டின் மாநில மலருமாகிய செங்காந்தளிலும் டியூபுலினைத் தடுக்கும் கோல்சிசின் உள்ளது. அதன் கிழங்கை உண்டால் உயிர்போகும்; பிரித்தெடுத்து அளந்து தந்தால் கீல்வாத வகை ஒன்றின் வலி தணியும்.

இயற்கையில் கிடைப்பதெல்லாம் தீங்கற்றது என எண்ணி நித்தியகல்யாணி இலையை மென்று தின்பது ஆபத்தானது. செடி தருவது மூலப்பொருளே. அதனை மருந்தாக்குவது ஆய்வும் அளவும் ஆகும்.