ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும்

கிளாஸ்கோவில் தங்கை வீட்டில் இருந்தபோது ஒரு நாள் மாலை ரசத்துக்குத் தாளித்தேன். காய்ந்த மிளகாய் கொஞ்சம் கருகிவிட்டது. அடுத்த நொடி வீடே அலறியது. சமையலறை, நடை, முன்னறை, மாடி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கூச்சல். மாடியிலிருந்து ஓடி வந்த தங்கை, துண்டால் விசிறிக்கொண்டே, "அக்கா, கதவைச் சாத்திட்டுத் தாளிக்கச் சொன்னேன்ல?" என்றாள்.

என் தலைக்கு நேர் மேலே சீலிங்கில் இருந்த அலாரம் அந்தப் புகையைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. திறந்த கதவு வழியாகப் போன நெடியில் முதலில் கத்தியது நடையில் இருந்த அலாரம். மற்றவை அதோடு சேர்ந்துகொண்டன.

சமையலறையில் இருந்தது வெப்ப அலாரம். புகை அலாரத்துக்குள் ஒரு இருட்டறை இருக்கிறது. அதில் போகும் ஒளிக்கற்றை உணரியின் மேல் விழாது. புகை புகுந்தால் ஒளி சிதறி உணரியைத் தொடும், அலாரம் அடிக்கும். அதற்கு எரியும் சோபாவின் புகையும் கருகும் மிளகாயின் புகையும் ஒன்றுதான். வெப்ப அலாரமோ புகையைச் சட்டை செய்யாது; சீலிங்கை ஒட்டிய காற்று ஏறக்குறைய 58 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் வாய் திறக்கும். அதற்காக வீடு முழுக்க அதையே மாட்டிவிடக் கூடாது. படுக்கையறைச் சீலிங் அவ்வளவு சூடாகும்வரை காத்திருந்தால், தூங்குகிறவர் அதற்குள் புகையில் மூச்சுத்திணறிவிடுவார். தூக்கத்தில் நம் மூக்கை நம்ப முடியாது, காதுதான் எழுப்பும்.

கிளாஸ்கோ இருக்கும் ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி 1 முதல் இப்படி அலாரங்கள் மாட்டுவது எல்லா வீடுகளுக்கும் சட்டம். 2017 ஜூன் 14 அதிகாலையில் லண்டனின் கிரென்ஃபெல் டவரில் ஒரு வீட்டுச் சமையலறையில் பிடித்த தீ 72 உயிர்களைக் கொண்டுபோன பிறகு வந்த விதி. அதிகம் புழங்கும் அறையில் ஒரு புகை அலாரம், ஒவ்வொரு தளத்தின் நடையிலும் ஒன்று, சமையலறையில் ஒரு வெப்ப அலாரம். எல்லாம் சீலிங்கில் இருக்க வேண்டும், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். எரிபொருள் கொதிகலனோ கணப்போ இருந்தால் அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் தேவை. அதை மட்டும் இணைக்கத் தேவையில்லை.

இணைப்பதில்தான் இந்தச் சட்டத்தின் உயிர் இருக்கிறது என்பேன். கீழே முன்னறையில் தீ, மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தைகள் தூங்குகிறார்கள். கீழே கத்தும் ஒற்றை அலாரம் அவர்கள் காதில் எப்படி விழும்? மின்கம்பி இழுத்தும் இணைக்கலாம், கட்டி முடித்த வீட்டில் சுவரைக் கொத்தாமல் ரேடியோ அலையிலும் இணைக்கலாம். ரேடியோ வகையில் பத்தாண்டு உழைக்கும், கழற்ற முடியாத பேட்டரி இருக்கும். கழற்ற முடியாதது நல்லதுதான். மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி அது. ஒரு கம்பெனி அலாரம் இன்னொரு கம்பெனி அலாரத்தோடு பெரும்பாலும் பேசாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே தயாரிப்பாக வாங்க வேண்டும்.

மாட்டும் இடத்தைப் பொறுத்தவரை பொதுவான கணக்கு ஒன்று உண்டு. சுவரிலிருந்தும் விளக்கிலிருந்தும் குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, கூடியவரை சீலிங்கின் நடுவில். சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் காற்று அசையாமல் தேங்கி நிற்கும். புகை அங்கே தாமதமாகத்தான் எட்டும். அழகு கெடும் என்று மூலையில் ஒதுக்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

நம் ஊர் வீட்டுக்குப் பொருந்தும் விதி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 2011 ஆகஸ்டில் ஸ்லாக்ஸ் கிரீக்கில் ஒரே வீட்டில் 11 பேர் தீயில் இறந்ததைத் தொடர்ந்து குயின்ஸ்லாந்து மாநிலம் படுக்கையறைகளிலும் இணைந்த அலாரம் வேண்டும் என்றது. 2027 ஜனவரி 1-க்குள் எல்லா வீடுகளிலும் இருந்தாக வேண்டும். அங்கே அலாரம் சீலிங் ஃபேன் இறக்கையிலிருந்தும் ஏசியின் காற்றுவாயிலிருந்தும் 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஃபேன் காற்று புகையை அலாரத்தை நெருங்க விடாமல் தள்ளிவிடும்.

சென்னையிலோ மதுரையிலோ வாங்கி மாட்ட நினைப்பவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். சாம்பிராணி போடும் பூஜை அறைக்கு எதிரே புகை அலாரம் வேண்டாம். முதல் வெள்ளிக்கிழமையே அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவீர்கள். புகை அலாரம் இருப்பதால் சிலிண்டர் கசிவு தெரிந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். கேஸ் கசிவுக்கான கருவி வேறு. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் படியும். அதனால் அந்தக் கருவியைத் தரையை ஒட்டி மாட்ட வேண்டும். குழாயில் வரும் இயற்கை வாயு லேசானது, மேலே போகும். அந்த வீடுகளில் சீலிங்கை ஒட்டி மாட்ட வேண்டும்.

ஏற்கெனவே வீட்டில் அலாரம் மாட்டியிருக்கிறவர்கள் இன்றே ஸ்டூல் போட்டு ஏறி அதைத் திருப்பிப் பாருங்கள். மாற்ற வேண்டிய ஆண்டு பெரும்பாலும் அதன் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். பத்து வருஷத்தைத் தாண்டியிருந்தால், பொத்தானை அழுத்தும்போது கத்தினாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.