'சதுர அடிக்கு எவ்வளவு சார்?' - தோட்டத்துக்கு மூடாக்கு போடும் வேலைக்கு ரேட் கணக்கிடுவது எப்படி?

அபார்ட்மென்ட் வாசல், வில்லா தோட்டம், கல்லூரி வளாகம் எனப் பல இடங்களில் இப்போது செடிகளின் அடியில் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்பி வைத்திருப்பதைப் பார்க்க முடிகிறது. விவசாயிகள் கரும்புத் தோகையையும் வைக்கோலையும் போட்டுச் செய்யும் அதே மூடாக்குதான். லேண்ட்ஸ்கேப்பிங் ஆட்கள் இதை 'மல்ச்சிங்' என்கிறார்கள். ஈரம் காயாது, களை குறையும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும்.

பார்க்க எளிமையான வேலை என்பதால், ரேட்டும் குத்துமதிப்பாகத்தான் சொல்லப்படுகிறது. வாடிக்கையாளர் போனிலேயே "சதுர அடிக்கு எவ்வளவு?" என்று கேட்பார். இவரும் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். வேலை முடிந்து கூலி, வண்டி வாடகை எல்லாம் கொடுத்துவிட்டுப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களின் கையைக் கடிப்பது பெரும்பாலும் இந்த இடம்தான்.

முதல் கேள்வி: எத்தனை இன்ச்?

மூடாக்கைப் பொறுத்தவரை சதுர அடி என்பது பாதிக் கணக்கு. எவ்வளவு கனத்துக்குப் பரப்புகிறோம் என்பது மீதிப் பாதி. பொதுவாக 2 முதல் 3 இன்ச் போடுவார்கள். அதைவிடக் குறைந்தால் வெயில் உள்ளே போய்க் களை முளைத்துவிடும். ரொம்பக் கூடினால் காற்றோட்டம் போய், வேர் அழுக வாய்ப்பு உண்டு.

சதுர அடியை இன்ச்சால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். மணல், ஜல்லி வாங்கியவர்களுக்கு 'யூனிட்' தெரிந்திருக்கும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. இதை வைத்து ஒரு குறுக்குவழி உண்டு. 1 இன்ச் கனத்துக்கு ஒரு யூனிட் 1,200 சதுர அடி வரும், 2 இன்ச் என்றால் 600, 3 இன்ச் என்றால் 400. ஆக, 800 சதுர அடித் தோட்டத்துக்கு 3 இன்ச் போட 2 யூனிட் தேவை. பரப்பியதும் அமுங்கும், ஏற்றி இறக்கும்போது கொஞ்சம் சிந்தும் என்பதால் 10 சதவீதம் சேர்த்து 220 கன அடி என்று வைத்துக்கொள்வது நல்லது.

பிளாக்காக வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அழுத்திக் கட்டிய பிளாக் தண்ணீரில் ஊறிய பிறகுதான் உண்மையான அளவு தெரியும். பாக்கெட்டில் லிட்டர் போட்டிருக்கும். 28.3 லிட்டர் ஒரு கன அடி. அச்சடித்ததை அப்படியே நம்பாமல், ஒரே ஒரு பிளாக்கை ஊறவைத்து அளந்து பார்த்துவிட்டு மொத்த ஆர்டர் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். கழுவிய மட்டையா, கழுவாத மட்டையா என்றும் கேட்க வேண்டும். கழுவாததில் உப்பு அதிகம் இருக்கும். விலை குறைகிறதே என்று அதை வாங்கிப் போட்டு, இளஞ்செடிகள் கருகினால் பழி கான்ட்ராக்டர் தலையில்தான் விழும்.

அளக்கும்போதே விழும் ஓட்டை

மரத்தடிக் குழிகள் வட்டமாக இருக்கும். 4 அடி விட்டம் என்றால் நாலுக்கு நாலு 16 சதுர அடி என்று போடக்கூடாது. ஆரம் 2 அடி, பரப்பு சுமார் 12.5 சதுர அடிதான். 30 மரம் என்றால் 100 சதுர அடிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். ரேட் கூடிப்போய், வேலை இன்னொருவர் கைக்குப் போகும். வளைந்து நெளிந்த பாத்தி என்றால், நாலைந்து இடத்தில் அகலத்தை டேப் பிடித்து அளந்து, சராசரி எடுத்து நீளத்தால் பெருக்கினால் போதும்.

இடத்தை நேரில் பார்க்காமல் ரேட் சொல்லவே கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. குட்டி யானை பாத்தி வரைக்கும் போகுமா, இல்லை கேட்டிலேயே இறக்கிவிட்டு 100 மீட்டர் சுமக்க வேண்டுமா? மொட்டை மாடித் தோட்டம் என்றால் லிப்ட் கிடைக்குமா, படிதானா? கோரை மண்டிக் கிடக்கிறதா? களை எடுக்காமல் மேலே மூடினால் ஒரே மாதத்தில் எட்டிப் பார்த்துவிடும். பல வேலைகளில், பரப்புவதைவிட இந்த முன்வேலைக்குத்தான் ஆள் கூலி அதிகம் ஆகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கீழே உள்ளவை உதாரணத்துக்கு மட்டுமே. மட்டை விலை ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் மாறும்.

அதே 800 சதுர அடி, 3 இன்ச். யூனிட் 6,000 ரூபாய் என்றால் சரக்கு 13,200. வண்டி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி 3,000. களை எடுக்க 2 ஆள், பரப்ப 3 ஆள், தலைக்கு 900 வீதம் 4,500. கருவிகள், சில்லறைச் செலவு 800. மொத்தம் 21,500 ரூபாய்.

இத்துடன் நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். போன் பில், பைக் பெட்ரோல், கடை வாடகை, போய்ப் பார்த்தும் கிடைக்காமல் போன வேலைகளுக்கான அலைச்சல், இதெல்லாம் யார் கணக்கு? அதற்கு ஒரு 10 சதவீதம் சேர்த்தால் 23,650.

இப்போது லாபம். 20 சதவீதம் வேண்டும் என்று 1.2-ஆல் பெருக்கினால் 28,380 வரும். ஆனால் அதில் லாபம் 4,730 ரூபாய், அதாவது வாங்கும் தொகையில் 16.7 சதவீதம்தான். வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 20 ரூபாய் நிற்க வேண்டும் என்றால் 0.8-ஆல் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 29,560 ரூபாய் சொல்ல வேண்டும். ஒரு வேலையில் சுமார் 1,200 ரூபாய் வித்தியாசம். வருடம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அது சின்னத் தொகை இல்லை.

சதுர அடிக்குப் பார்த்தால் இது 37 ரூபாய். இதையே 'நம்ம ரேட்' என்று மனப்பாடம் செய்துகொள்வது ஆபத்து. அடுத்த வாரம் 100 சதுர அடிக்கு ஒருவர் கூப்பிட்டால் 3,700 என்று வாய் சொல்லிவிடும். ஆனால் சரக்கு 1,650, வண்டி 1,500, இரண்டு ஆள் 1,800 என்று செலவே 4,950 ஆகிவிடும். 'இதற்குக் குறைந்தால் வண்டி எடுப்பதில்லை' என்று ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்திருப்பவர்கள் இதில் தப்பிக்கிறார்கள்.

கொட்டேஷனில் என்ன எழுத வேண்டும்?

கனம். கட்டாயம். ஒருவர் 3 இன்ச்சுக்கும் இன்னொருவர் 2 இன்ச்சுக்கும் ரேட் கொடுத்தால், வாடிக்கையாளர் கண்ணில் படுவது கடைசித் தொகை மட்டும்தான். 800 சதுர அடிக்கு 2 இன்ச் என்றால் 133 கன அடியே போதும். மூன்றில் ஒரு பங்கு சரக்கு மிச்சம். கேட்டு வாங்கும் பக்கத்தில் இருப்பவர்களும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரக்கின் பெயர், களை எடுப்பது சேர்ந்ததா, முன்பணம் எவ்வளவு, இந்த ரேட் எத்தனை நாள் செல்லும் என்பதையும் எழுதிவிடுவது நல்லது. சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு அவசியம். பதிவு செய்தவர்கள் வரி தனி என்பதை மறக்காமல் குறிப்பிட வேண்டும்.

சென்னை போன்ற இடங்களில் வேலைத் தேதியும் முக்கியம். மட்டைத் துண்டு மிதக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் பரப்பி, தண்ணீர் தேங்கினால் பாதி சரக்கு தெருவில் கிடக்கும். ஜனவரிக்கு மேல் போட்டால் கோடை முழுக்கப் பயன்படும்.

மறுவருடம் அதே தோட்டத்துக்கு மேலே 1 இன்ச் சேர்த்தால் போதும், சுமார் 67 கன அடிதான். "போன தடவையில் மூன்றில் ஒரு பங்குதானே?" என்று வாடிக்கையாளர் கேட்பார். சரக்குக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு. வண்டியும் ஆள் கூலியும் அதே விகிதத்தில் குறையாது என்பதை, முதல் வருடக் கொட்டேஷனில் செலவுகளைத் தனித்தனி வரியாகப் போட்டிருந்தால் எடுத்துக்காட்டிப் பேசலாம்.