நிழற்படங்களைச் சுருக்கலும் அதற்கேற்ற மென்பொருளும்

விழா மலரொன்று ஆயத்தமாகுங் காலத்து அதன் தொகுப்பாளரை வந்தடையும் நிழற்படங்கள் இருவகையின. ஒருவகை, அளவிற் பெருத்து மின்னஞ்சலிற் செல்ல மறுப்பவை. மற்றையது, யாரோ முன்னரே சுருக்கிவிட்டமையால் முகங்கள் மங்கி, நிற்பவர் இன்னார் என அறியவொண்ணாதவை. முன்னையதற்கு மருந்துண்டு, பின்னையதற்கு இல்லை. ஆதலின், படங்களைப் பார்க்கவும் சுருக்கவும் எத்தகைய மென்பொருளை நாடுதல் தகும் என்பதை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

எண்முறை நிழற்படம் என்பது நிறப்புள்ளிகளின் அடுக்கேயாம். அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகளுடைய படத்தில் 120 இலட்சம் புள்ளிகள் உள. இரு பக்கங்களையும் பாதியாக்கினால் எஞ்சுவது பாதியன்று. காற்பங்காகிய 30 இலட்சமே. நீங்கியவை நீங்கியவையே. பின்னர்ப் பெரிதாக்குங்கால், மென்பொருள் அயற்புள்ளிகளைக் கொண்டு இடைவெளியை ஊகித்து நிரப்புமேயன்றி இழந்த முகத்தை மீட்டுத் தராது. அச்சுக்கு அங்குலமொன்றுக்கு 300 புள்ளிகள் என்பது பொதுவழக்கு. எனவே 6 அங்குல அகலத்துக்கு 1800 புள்ளிகள் வேண்டும். வரிசைக்குப் பதினைந்து பேர் நிற்கும் வகுப்புப் படமாயின், ஒருவர் பங்குக்கு 120 புள்ளிகள் வரும். அதே படம் 600 புள்ளி அகலத்துக்குச் சுருங்கியிருப்பின் ஒருவர்க்கு 40. அந்நாற்பதினுள் இரு தோள்களும் அடங்கவேண்டும். முகத்துக்கு எஞ்சுவது யாதென்று கணித ஆசிரியரைக் கேட்கவேண்டியதில்லை.

இத்துணைச் சிறு வேலைக்குப் போட்டோசொப் போன்ற பெருங்கருவியைப் பணங்கொடுத்துப் பெறுதல் வேண்டாச் செலவு. பழைய கணினியில் அதனை ஏற்றுவதோ குருவி தலையிற் பனங்காய். ஓரிரு படங்களாயின், வின்டோசுடன் வரும் பெயின்ற், மக் கணினியிலுள்ள பிரிவியூ ஆகியனவே போதும்.

படங்கள் பலவாயின் நாம் பரிந்துரைப்பது வின்டோசில் இயங்கும் இர்பான்வியூ. பொஸ்னியாவைச் சேர்ந்த இர்பான் ஸ்கில்ஜான் என்பார் 1996 இல் தம் பெயரையே இட்டு வெளியிட்ட மென்பொருள் அது. வணிக நோக்கற்ற வீட்டுப் பாவனைக்கும் பாடசாலைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. கொன்ட்ரோல் விசையுடன் ஆர் விசையை அழுத்தின் அளவுப் பெட்டி தோன்றும். விகிதத்தைக் காக்கும் கட்டம் தெரிவாகியிருப்பின், அகலத்தை மாத்திரம் இட, உயரம் தானே அமையும். அக்கட்டத்தை நீக்கிவிட்டு இரண்டையும் மனம்போனவாறு இடுவோர் படத்தில், மெலிந்தவர் பருத்தும் பருத்தவர் மெலிந்தும் தோன்றுவர். பி விசையை அழுத்தினாலோ நூறு படங்களையும் ஒருமிக்கச் சுருக்கி வேறொரு கோப்புறையில் இடலாம். எமக்கு இம்மென்பொருளிற் பெரிதும் பிடித்தது இவ்வசதியே. மூலப்படம் தீண்டப்படாது கிடக்கின்றதன்றோ?

வேறெந்த மென்பொருளைத் தேர்ந்தாலும், படத்தின் புள்ளியளவை வெளிப்படையாகக் காட்டுகின்றதா, சுருக்கியதைப் புதுப்பெயரிற் சேமிக்க இடந்தருகின்றதா என்று பார்த்துக் கொள்க. மூலத்தின் மேலேயே சேமிப்பவர் மூலத்தை இழப்பர். பெரும்பாலும் வழங்கும் ஜேபெக் வகைப் படமோ, திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் சிறிது சிறிதாகத் தெளிவிழக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இனி, கைத்தொலைபேசியில் அனுப்புவோர்க்கு ஒன்று. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது வழியிலேயே சுருக்கப்படும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் உள்ளபடியே வந்து சேரும்.