பெண் சேர்ந்த புதுக் கம்பெனி

போன மாதம் ஒரு நாள் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். என் பெரிய பெண் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நான் இந்த வேலையை விட்டுட்டு ஒரு ஸ்டார்ட்-அப்பிலே சேரப் போறேன். மொத்தமே பன்னிரண்டு பேர்தான்" என்றாள். எனக்குப் பகீரென்றது. ஒண்ணாம் தேதியானால் சம்பளம் வருகிற பெரிய கம்பெனியை விட்டுவிட்டுப் பன்னிரண்டு பேரை நம்பிப் போவாளா ஒருத்தி?

கோபித்துக்கொள்ளுமுன் விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாமே என்று இரண்டு வாரம் படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன்.

இன்ஃபோசிஸ் கதையில் முதலில் வருவதே ஒரு பெண்மணியின் சேமிப்புதான். 1981-ல் நாராயணமூர்த்தியும் ஆறு நண்பர்களும் புனேயில் அதைத் தொடங்கியபோது, முதலாகப் போட்டது அவர் மனைவி சுதா மூர்த்தி சேர்த்து வைத்திருந்த 10,000 ரூபாய். அந்த நாளில் ஒரு கம்ப்யூட்டரை இறக்குமதி செய்ய லைசென்ஸுக்காக டில்லிக்கு நடையாய் நடக்க வேண்டும். டெலிபோனுக்கும் காத்துக் கிடக்க வேண்டும். 1991-ல் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. 1999-ல் அதே கம்பெனி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பிடித்தது.

அவர்கள் செய்தது பெரும்பாலும் வெளிநாட்டாருக்கான வேலை. நம் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் அடுத்த தலைமுறையினர். 2007-ல் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் (அண்ணன் தம்பி என்றே நினைத்திருந்தேன், உறவே இல்லையாம்!) பெங்களூரில் ஃபிளிப்கார்ட்டைத் தொடங்கிப் புத்தகம் விற்றார்கள். பொருளைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்ப நமக்கு மனசு வருமா? 2010-ல் "பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுங்கள்" என்றார்கள், வியாபாரம் பிடித்துக்கொண்டது. 2018-ல் வால்மார்ட் அதில் சுமார் 77 சதவீதப் பங்கை 1,600 கோடி டாலருக்கு வாங்கியது.

இதற்குள் முதல் போடுகிறவர்களும் மாறிவிட்டார்கள். லாபம் வருமுன்பே வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொட்டின. 2016-ல் மத்திய அரசும் 'ஸ்டார்ட்-அப் இந்தியா' திட்டம் கொண்டுவந்தது. பிறத்தியார் பணமே வேண்டாம் என்று 1996-லிருந்து தன் வருமானத்திலேயே வளர்ந்த ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோவும் உண்டு. தென்காசிப் பக்கம் கிராமத்தில் ஆபீஸ் போட்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த வழிதான் பிடித்தது.

அங்கே வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கியது ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2021-ல் அது நாஸ்டாக்கில் ஏறியபோது, பங்கு வைத்திருந்த ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அவரே சொன்னார். என் பெண் இதைத்தான் மூச்சுக்கு மூச்சு சொல்கிறாள். நான் பைஜூஸைச் சொன்னேன். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு. 2024-ல் திவால் வழக்கு. எத்தனை குடும்பங்களில் சம்பளம் நின்றிருக்கும்!

பிறகு உட்கார்த்தி வைத்துக் கேட்டேன். "சம்பளத்திலே குறைச்சுட்டுப் பங்கு தர்றேங்கறாங்களே, எப்போ கைக்கு வரும்?" நான்கு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தானாம். முதல் வருஷம் முடியுமுன் விலகினால் ஒன்றும் கிடையாதாம். கம்பெனி விற்கப்பட்டாலோ பங்குச் சந்தைக்குப் போனாலோதான் பெரும்பாலும் அது பணமாகும். 20 பேருக்குக் குறைந்த இடத்தில் பி.எஃப். கட்டாயமில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. "கம்பெனி கையிலே எத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கு?" என்றதற்கு விழித்தாள். போய்க் கேட்டு வந்தாள்: பதினாலு மாதம்.

இவர் "போகட்டும் விடு, வயசு இருபத்துமூணுதானே" என்றார். நானும் சம்மதித்தேன். ஆனால் ஆறு மாதச் செலவுக்கான பணம் அவள் பேரில் பாங்கில் கிடக்க வேண்டும், மருத்துவ இன்ஷூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும், கல்யாணத்துக்குச் சேர்த்த நகையில் கை வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை சேர்ந்தாள். ராத்திரி ஒன்பதரைக்கு வந்தவள், "அம்மா, நாளைக்குப் பன்னிரண்டு பேருக்கும் தயிர்சாதம் கட்டித் தர்றியா?" என்றாள்.